“அதான் விடுதலை ஆயிட்டாரே, அப்புறம் என்ன பேச்சு?”

யாராவது வழக்கிலிருந்து விடுபட்டதும் இந்தக் கேள்வி வந்துவிடும். நீதிமன்றம் எதைக் கேட்டது, எதற்குப் பதில் சொன்னது என்று பார்த்துவிட்டுப் பேசுவோம்.

குற்றவியல் வழக்கில் கேள்வி ரொம்பக் குறுகல். குற்றப்பத்திரிகையில் சொன்ன செயலை இவர் செய்தாரா? செய்தபோது சட்டம் கேட்கும் மனநிலை, அதாவது நோக்கமோ தெரிந்தே துணிந்ததோ கடும் அலட்சியமோ, இருந்ததா? இரண்டையும் நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி அரசுத் தரப்பு நிரூபித்ததா? ஒரு கண்ணி அறுந்தாலும் விடுதலைதான். சாட்சி பிறழ்ந்திருக்கலாம். கைப்பற்றிய தடயம் யார் யார் கைமாறியது என்ற பதிவு விட்டுப்போயிருக்கலாம். ‘அவர் செய்யவில்லை’ என்று அந்தத் தீர்ப்பு சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. (உண்மையிலேயே செய்யாதவரும் இதே வாசல் வழியாகத்தான் வெளியே வருகிறார். விடுதலையான எல்லாரையும் சந்தேகப்படுவது பெரிய அநியாயம்.)

அமெரிக்காவில் முன்னாள் விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்ப்சன் 1995இல் இரட்டைக் கொலை வழக்கில் விடுதலையானார். அதே மரணங்களுக்காக நஷ்டஈடு கேட்டுத் தொடுத்த சிவில் வழக்கில், 1997இல், அவரே பொறுப்பு என்று ஜூரி முடிவு செய்து மொத்தம் 3.35 கோடி டாலர் கட்டச் சொன்னது. பலரும் இதை முரண்பாடு என்கிறார்கள். முரண்பாடு இல்லை. சிவில் வழக்கில் ‘நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்’ என்று காட்டினால் போதும், தராசே வேறு.

சட்டத்தின் கணக்கும் பழியின் கணக்கும் ஒன்றல்ல என்பது, செய்யாமல் விட்டதில் இன்னும் தெளிவாகத் தெரியும். முன்பின் தெரியாத குழந்தை தண்ணீரில் தத்தளிக்கிறது, கரையில் நிற்பவர் சும்மா பார்க்கிறார். இங்கிலாந்துச் சட்டப்படி பொதுவாக அது குற்றமாகாது. ஜெர்மனியில் தண்டனைச் சட்டம் 323சி பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. நின்றவரும் அதே ஆள், போன உயிரும் அதே உயிர். எந்தக் கரையில் நின்றார் என்பதை வைத்து அவருடைய பழி கூடிக் குறையுமா என்ன?

என்னை அதிகம் வருத்துவது மன்னிப்பு. விபத்தோ சிகிச்சைப் பிழையோ நடந்ததும் ‘எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்’ என்பதே வக்கீலின் முதல் அறிவுரை. மன்னிப்புக் கேட்ட வார்த்தையே நாளை சாட்சியமாகும் என்ற பயம். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கோ என்ன நடந்தது என்று சொல்லக்கூட ஆள் இல்லை. இதைச் சரிசெய்யத்தான் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1986இல், விபத்து வழக்குகளில் அனுதாப வார்த்தையைப் பொறுப்பை ஏற்றதற்கான சாட்சியமாக்க முடியாது என்றது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2006இல் ஒரு படி மேலே போய், ‘என் தவறுதான்’ என்று சொல்லும் மன்னிப்புக்கும் சிவில் வழக்கில் பாதுகாப்பு கொடுத்தது.

உங்கள் ஊரில் இந்தப் பாதுகாப்பு உண்டா, எதுவரை என்று முதலில் விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். மன்னிப்புக் கேட்பதானால் முழுதாகக் கேளுங்கள்: நான் செய்தது இது, அதனால் உங்களுக்குப் போனது இது, ஈடுகட்ட நான் செய்யப்போவது இது. ‘மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்’ என்றால் பழி பாதிக்கப்பட்டவர் மனதின் மேல் போய்விடுகிறது. வாய்திறக்க முடியாத நிலையிலும் ஆஸ்பத்திரிச் செலவை ஏற்க முன்வரலாம். அப்படி முன்வந்ததை வைத்துப் பொறுப்பை நிரூபிக்கக் கூடாது என்று அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் சாட்சிய விதி 409 சொல்கிறது. சட்டமே இவ்வளவு இடம் விட்டிருக்கும் ஊரிலும் வக்கீல் நோட்டீஸ் மட்டுமே வாசலுக்கு வருகிறது என்றால், அதற்குச் சட்டத்தைக் காரணம் காட்ட முடியாது.