குறி பார்க்கும் கண்ணுக்கு எந்த லென்ஸ்?

வலது கண்ணில் வெண்புரைச் சத்திரசிகிச்சை செய்து ஏழு வாரங்கள் ஆகின்றன. சத்திரசிகிச்சை அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. மங்கிய லென்ஸை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் எந்தச் செயற்கை லென்ஸ் வைப்பது என்று முடிவெடுக்கத்தான் மூன்று மாதம் எடுத்தேன். "இதற்குப் போய் ஏன் மாமா இவ்வளவு யோசனை? விலை கூடியதை வையுங்கள், பணத்தை நாங்கள் தருகிறோம்" என்றார் மருமகன். அன்பில் சொன்ன வார்த்தைதான். ஆனால் விலை கூடியது நல்லது என்ற அந்த ஒரு நினைப்பில்தான் எங்கள் ஊரில் பலர் தங்கள் கண்ணுக்குப் பொருந்தாத லென்ஸை வாங்கிவிடுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பொலிஸ் சேவையில் இருந்த காலத்தில் பிஸ்டல் சுடப் பழகினேன். ஓய்வு பெற்ற பிறகும் 10 மீற்றர் எயார் பிஸ்டலை விடவில்லை. வருடத்தில் சில தடவை மட்டக்களப்பு கல்லடியிலிருந்து இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய்ச் சுட்டுவிட்டு வருவேன். இலக்கின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. பத்து மீற்றர் தள்ளி நின்று ஒற்றைக் கையால் அதைச் சுட வேண்டும்.

சுடுபவர் இலக்கைக் கூர்ந்து பார்ப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் நாங்கள் பார்ப்பது துப்பாக்கியின் முன்முனையில் நிமிர்ந்து நிற்கும் சிறு கறுப்புக் கட்டையை. அதை முன்சைட் என்போம். பின்சைட்டின் வெட்டுக்குள் அந்தக் கட்டை நிற்கும்போது இரு பக்கமும் மெல்லிய வெளிச்சக் கீற்று தெரியும். இரண்டு கீற்றும் சமமாக இருக்க வேண்டும், கட்டையின் மேல்விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் தெரிய வேண்டும். இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும். வெட்டுக்குள் கட்டை ஒரு மில்லிமீற்றர் விலகினால் இலக்கில் குண்டு மூன்று சென்ரிமீற்றர் தள்ளிப் போகும், பத்து ஏழாகிவிடும். ஆகவே எனக்கு வேண்டிய பார்வை பத்து மீற்றரில் இல்லை, என் கை எட்டும் தூரத்துக்குச் சற்று அப்பால் இருக்கிறது.

மூன்று வருடங்களுக்கு முன் அந்தக் கட்டை கண்ணாடி இல்லாமலே திடீரெனத் தெளிவாகத் தெரியத் தொடங்கியது. கண் இளமைக்குத் திரும்புகிறது என்று மனைவியிடம் சொல்லி மகிழ்ந்தேன். அது வெண்புரையின் வேலை என்று பிறகுதான் விளங்கியது. கண் லென்ஸின் நடுப்பகுதி இறுகும்போது ஒளியை முன்பைவிடக் கூடுதலாக வளைக்கும். அதனால் கிட்டப் பார்வை சில காலம் தெளிந்து, தூரப் பார்வை குறையும். அடுத்த வருடம் கட்டை இரட்டையாகத் தெரிந்தது, இலக்குத் தாள் பழுப்பேறிய பத்திரிகை போல ஆனது. அறுபது வயதுக்குப் பிறகு கண்ணாடி இல்லாமல் கிட்ட இருப்பது நன்றாகத் தெரியத் தொடங்கினால் சந்தோஷப்பட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள், கண்ணைக் காட்டுங்கள்.

முதலில் போன தனியார் சிகிச்சை நிலையத்தில் ஒரு தங்கச்சி மூன்று விலைகள் அச்சிட்ட அட்டையை நீட்டினார். மேலே இருந்தது மல்டிஃபோகல். "ஐயா, இதை வைத்தால் கண்ணாடியே தேவையில்லை" என்றார். நான் சுடுபவன் என்று சொன்னேன். அவர் அதை எழுதிக்கொள்ளக்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. என்ன தொழில், எந்தத் தூரத்தில் கண்ணைப் பயன்படுத்துகிறீர்கள் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

மல்டிஃபோகல் மோசமான லென்ஸ் என்று சொல்ல வரவில்லை. அது கண்ணுக்குள் வரும் ஒளியைப் பங்கு போட்டு ஒரு பங்கைக் கிட்டவும் இன்னொரு பங்கைத் தூரவும் குவிக்கிறது. கண்ணாடி இல்லாமல் பத்திரிகை வாசிக்க விரும்புபவருக்கு அது வரப்பிரசாதம். ஆனால் பங்கு போட்ட ஒளியில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு சற்றுக் குறையும், இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவளையம் தெரியலாம். நான் நம்பியிருப்பது கறுப்புக் கட்டையின் ஓரத்தில் நிற்கும் ஒரு கீற்று வெளிச்சத்தை. அதைப் பங்கு போடச் சம்மதிக்க முடியாது. எனவே ஒரு தூரத்துக்கு மட்டும் குவியும் மொனோஃபோகல் என்று முடிவு செய்தேன். அந்த அட்டையில் அதுதான் விலை குறைந்தது.

அடுத்தது எந்தத் தூரத்துக்குக் குவிப்பது என்ற கேள்வி. இதில்தான் பல இரவுகள் போயின. சுடுமிடத்தில் நான் கை நீட்டி நிற்க, நண்பர் தையல் நாடாவால் கண்ணிலிருந்து முன்சைட் வரை அளந்தார். 92 சென்ரிமீற்றர். ஒன்றை அந்தத் தூரத்தால் மீற்றரில் வகுத்தால் டயொப்டர், அதாவது லென்ஸின் வலுவைச் சொல்லும் அளவு, வரும், எனக்கு 1.1 அளவில் வந்தது. அப்படியானால் கண்ணை மைனஸ் ஒன்றில், அதாவது ஒரு மீற்றர் தூரத்தில் குவியும்படி, நிறுத்திவிட்டால் முன்சைட் வெறுங்கண்ணுக்கே தெளிவாகத் தெரியுமே! ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கண்ணுக்குத் தூரம் மங்கிவிடும். இரவில் களுவாஞ்சிகுடிப் பக்கம் மோட்டார் சைக்கிளில் போனவர்களுக்குத் தெரியும், பிரதான வீதியின் நடுவில் மாடுகள் படுத்திருக்கும். கறுப்பு மாடு கறுப்புத் தாரில். வருடத்தில் சில நாள் சுடுவதற்காக மற்ற எல்லா இரவுகளையும் பணயம் வைக்கலாமா?

இன்னொரு காரணமும் உண்டு. கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் முடிவு அரை டயொப்டர் அங்குமிங்கும் போகலாம். கண்ணாடியில் பிழை வந்தால் மாற்றிக்கொள்ளலாம். கண்ணுக்குள் வைத்ததை எடுத்து மாற்றுவது இன்னொரு சத்திரசிகிச்சை. அது ஆயுளுக்கும் அங்கேயே இருப்பதற்காக வைக்கப்படுவது. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில் பாய்ந்த பிளாஸ்டிக் துண்டுகள் கண்ணைப் புண்ணாக்காமல் கிடந்ததைக் கவனித்துத்தான் ஹரோல்ட் ரிட்லி 1949இல் லண்டனில் முதல் லென்ஸை வைத்தார்.

ஆகவே வலது கண்ணைத் தூரத்துக்கு நிறுத்தச் சொன்னேன். சத்திரசிகிச்சை செய்த வைத்தியர், நாடா அளவும் வரைபடமும் இருந்த என் தாளைப் பொறுமையாக வாசித்துவிட்டு, "இதை எல்லோரும் கொண்டுவந்தால் எங்கள் வேலை சுலபம்" என்றார். ஆறாவது வாரம் கண் நிலைகொண்ட பிறகு, சுடுவதற்கென்று பிளஸ் 0.75 கண்ணாடி எடுத்தேன். அது பார்வையை ஏறக்குறைய 1.3 மீற்றரில் நிறுத்துகிறது, முன்சைட்டுக்கும் இலக்குக்கும் இடையில். கண்ணாடியின் முன்னால் சிறு துவாரமுள்ள தகட்டைப் பொருத்தியதும் குவிய ஆழம், அதாவது ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியும் தூரத்தின் வீச்சு, கூடி, கட்டையும் கூர்மையாகிறது, கறுப்பு வட்டமும் ஓரளவு உருவம் கொள்கிறது. கடந்த கிழமை முதல்முறையாகக் கை நீட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வெளிச்சக் கீற்று. நடுவில் ஒற்றைக் கட்டை. சுடாமலே இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்குச் சரியானது உங்களுக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை. எங்கள் ஒழுங்கையில் வலை பொத்தும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஊசியும் நைலோன் நூலும் அவர் முகத்திலிருந்து ஒன்றரைச் சாண் தூரத்தில்தான் நாள் முழுவதும் ஓடும். வாகனம் ஓட்டுவதில்லை. அவருக்குத் தூரத்துக்கு லென்ஸ் வைத்துவிட்டார்கள். தெருக்கோடியில் வருபவரை அடையாளம் காண்கிறார், கண்ணிமுடிச்சைக் காண வாசிப்புக் கண்ணாடி போட வேண்டியிருக்கிறது, அது வியர்வையில் வழுக்கி மடியில் விழுகிறது. கிட்டத்துக்கு வைத்திருக்கலாம் என்று அவரிடம் யாரும் சொல்லவே இல்லை. மருதமுனையில் தறியில் இருப்பவருக்கும் நகை வேலை செய்பவருக்கும் இதே கதை நடக்கலாம். நாடாவால் ஒரு தடவை அளக்க எவ்வளவு நேரமாகும்?

சுடுபவர்களுக்கு ஒன்று. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதை வாசிப்புக்கும் வைக்கும் முறையை யாராவது சொன்னால், குறி பார்க்கும் கண் எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தக் கண்ணை 40 சென்ரிமீற்றருக்கு நிறுத்திவிட்டால் முன்சைட் பஞ்சுபோலத் தெரியும்.

இடது கண்ணுக்கு அடுத்த மாதம் திகதி தந்திருக்கிறார்கள். சுடும்போது அந்தக் கண்ணை எப்படியும் மறைத்துக்கொள்வேன், அதற்கு 30 மில்லிமீற்றர் அகலம் வரை விதியில் அனுமதி உண்டு. ஆகவே அதை மைனஸ் 1.25இல் நிறுத்தச் சொல்லப்போகிறேன். 80 சென்ரிமீற்றர். சாப்பாட்டு மேசையில் எதிரே இருக்கும் மனைவியின் முகம் அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது, அளந்து பார்த்தேன்.