டாக்டர் பாப்பாவுக்கு என்ன வந்தது?

2020 ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறந்தார்கள். எட்டு வருஷத்துக்குப் பிறகு உரிய தேதியில் தண்ணீர். மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரே கொரோனா பயத்தை மறந்து குறுவைக்கு இறங்கியது. அப்பா நாற்றங்காலே கதியென்று கிடந்தார். நான் மொட்டை மாடியில் கிடந்தேன்.

எம்பிபிஎஸ் முதல் வருஷம். பத்து நாள் லீவு என்று நினைத்து, எலும்பு செட்டைக்கூட ஹாஸ்டலிலேயே வைத்துவிட்டு வந்தவள். கையால் தொட்டுப் படிக்க வேண்டிய நரம்பையும் ரத்தக்குழாயையும் போனில் பார்த்தேன். சிக்னல் மாடியில்தான் வரும். ராத்திரி மூன்று மணிக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும், எண்ணிப் பார்த்தால் நாடி 118. காலையில் வாசலில், "டாக்டர் பாப்பா, கபசுரக் குடிநீர் எத்தனை நாள் குடிக்கலாம்?" என்று ஒரு பெரியம்மா கேட்பார். பதில் சொல்லக் கீழே இறங்க முடியாது. கண்ணு பட்டுருச்சு என்று அம்மா உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார்.

ஆடிப் பதினெட்டு அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை, முழு ஊரடங்கு. பாமணி ஆற்றில் தண்ணீர் போகிறது, படித்துறையில் ஒருவரும் இல்லை. அன்றைக்குத்தான் மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்விகளை நானே போட்டுப் பார்த்தேன். 27க்கு 17. மிதமான கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். தெரிந்தும் ஒரு மாசம் யாரிடமும் சொல்லவில்லை.

ஊரடங்கு வந்ததால்தான் இதெல்லாம் என்று சொல்லிக் கடந்துபோகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கொரோனாவுக்கு நான்கு வருஷம் முன்பே, 2016ல், 43 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் மருத்துவ மாணவர்களில் 27.2 சதவீதம் பேருக்கு மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தன. அப்படி அறிகுறி தெரிந்தவர்களில் சிகிச்சைக்குப் போனவர்கள் 15.7 சதவீதம்தான். நோயின் பெயர் தெரிந்த பிள்ளைகள்! மெஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து "ஏண்டி சாப்பிடல?" என்று கேட்க ஒருத்தி இருந்தாள். ஊரடங்கு அவளை மட்டும் என்னிடமிருந்து பிரித்தது. மற்றதெல்லாம் முன்பே இருந்தது.

ஏன் சிகிச்சைக்குப் போவதில்லை? கல்லூரி ஆஸ்பத்திரியின் மனநல ஓபியில் உட்கார்ந்திருப்பவர் நாளைக்கு என்னை வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேள்வி கேட்கப்போகிறவர். பக்கத்தில் நிற்பது என் சீனியர். சீட்டில் என் பெயர். இரண்டு நாளில் ஹாஸ்டல் முழுக்கத் தெரியும். பிறகு மாப்பிள்ளை வீட்டுக்கும் தெரியும்.

நான் தப்பித்தது போனில் மருத்துவம் பார்க்க அந்த மார்ச்சில்தான் அனுமதி வந்திருந்ததால். வேறு ஊர் டாக்டர். மாத்திரை வேலை செய்யத் தொடங்க மூன்று வாரம் ஆனது. அதுவரை அம்மா பாயை மாடிக்குக் கொண்டுவந்து பக்கத்தில் படுத்துக்கொண்டார். எதுவும் கேட்கவில்லை.

கல்லூரிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். மாணவர்களுக்கு மனநல சிகிச்சை தர, அவர்களுக்கு மார்க் போடாத, வேறு வளாகத்தில் இருக்கும் ஒரு டாக்டரை ஏற்பாடு செய்யுங்கள். பதிவேடு துறைத்தலைவர் மேஜைக்குப் போகக் கூடாது. அதுவரைக்கும், தம்பி தங்கைகளே, 14416. டெலிமானஸ், அரசின் மனநல உதவி எண். தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.