ஒன்பது மணி ஆவி

(சிங்கப்பூர் தோ பாயோவில் ஒரு வீவக அடுக்குமாடி புளோக். எதிரெதிரே இரண்டு வீடு, இரண்டிலும் கதவு திறந்து கம்பிக் கேட் மட்டும் சாத்தியிருக்கிறது. துறைமுகத்தில் எலெக்ட்ரிஷியனாக இருந்து ஓய்வு பெற்ற கோவிந்தசாமி வாசலில் முக்காலி போட்டு, ஒரு ரிமோட்டின் வயிற்றைத் திறந்து வைத்திருக்கிறார். அதன் ரப்பர் பட்டன்கள் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரில் ஊறுகின்றன. எதிர்வீட்டு சரோஜா கையில் எலுமிச்சம்பழத்தோடு வருகிறார்.)

சரோஜா: அண்ணே, உங்க வீட்டு டிவி ஒழுங்கா ஓடுதா?

கோவிந்தசாமி: டிவியை யாரும்மா பார்த்தா? ரிமோட்டெல்லாம் நல்லா இருக்கு.

சரோஜா: எங்க வீட்ல ஆவி புகுந்திருச்சு. சீனங்களுக்கு ஆவிங்க வர்ற ஏழாம் மாசம் வேற, கீழே காகிதம் எரிச்சுக்கிட்டே இருக்காங்க. நேத்து வசந்தம் சேனல்ல நாடகம். மாமியார் பால்ல விஷத்தைக் கலக்கிட்டா, மருமக கிளாஸை வாய்கிட்ட கொண்டு போறா... பொட்டுனு டிவி அணைஞ்சிருச்சு!

கோவிந்தசாமி: குடிச்சாளா?

சரோஜா: அது தெரியாமத்தானே ராத்திரி பூரா தூக்கமில்லை!

கோவிந்தசாமி: எத்தனை மணி இருக்கும்?

சரோஜா: 9 மணி. தினமும் அதே நேரம். ரிப்பேர்காரரைக் கூப்பிட்டேன். முன்ன பின்ன பார்த்துட்டு, டிவியில ஒண்ணும் இல்லைன்னு 80 வெள்ளி வாங்கிட்டுப் போயிட்டாரு.

கோவிந்தசாமி: பகல்லயா வந்தாரு?

சரோஜா: ஆமா, ஏன்?

கோவிந்தசாமி: பகல்ல நான்... பகல்ல ஆவி வராதுல்ல.

சரோஜா: அது என்ன கையில, செங்கல்லாட்டம்?

(கேட்டிருக்கக் கூடாது. அவர் முகம் தீபாவளி லிட்டில் இந்தியாவாகிறது.)

கோவிந்தசாமி: எல்லா சாமானுக்கும் ஒரே ரிமோட்! சுங்கை ரோடு சந்தையை 2017 ஜூலையில மூடினாங்களே, அதுக்கு முன்னாடி 2 வெள்ளிக்கு வாங்கினது. டிவி, வீசிஆர், லேசர் டிஸ்க், எல்லாத்தையும் இயக்கும்.

சரோஜா: உங்ககிட்ட ஏது வீசிஆர்?

கோவிந்தசாமி: இல்லைதான். இருந்திருந்தா இயக்கும். இங்க பாரு, பேட்டரி போடுற குழியில ஆறு பின். ஜேபி1னு பேரு. சிம் லிம் டவர்ல சாமான் வாங்கி நானே கேபிள் பத்தவச்சேன். கம்ப்யூட்டர்ல மாட்டினா உள்ள இருக்கிற கோட் நம்பரையே மாத்தி எழுதலாம். பேட்டரியைக் கழற்றினாலும் அழியாது. இப்ப சத்தம் கூட்டுற பட்டனை அமுக்கினா எங்க வீட்டு ஃபேன் சுத்தும்.

சரோஜா: ஃபேனுக்குத்தான் சுவத்துல சுவிட்ச் இருக்கே.

கோவிந்தசாமி: அது யாரு வேணா போடலாம்! ஆப்பிள் கம்பெனியை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் வோஸ்னியாக். அங்கிருந்து வெளிய வந்து 1987ல என்ன விட்டாரு தெரியுமா? இதே மாதிரி ஒரு ரிமோட்!

சரோஜா: ஐஃபோன் விட்டவரா?

கோவிந்தசாமி: அது இன்னொருத்தர்.

சரோஜா: அவருதான் பிழைக்கத் தெரிஞ்சவரு. சரி, எந்த வீட்ல எந்த டிவின்னு இதுக்கு எப்படித் தெரியும்?

கோவிந்தசாமி: அங்கதான் விஷயமே! செட்டப் பட்டனை அமுக்கிப் பிடி. சிவப்பு விளக்கு ரெண்டு தரம் மின்னும். 9-9-1 அடி. அப்புறம் பவர் பட்டனை ஒவ்வொரு தரமா அமுக்கிக்கிட்டே இருக்கணும். ஒவ்வொரு அமுக்குக்கும் வேற வேற கோட் நம்பர் போகும். எது அந்த டிவியோடதோ, அப்ப பொட்டுனு...

சரோஜா: பொட்டுனு?

கோவிந்தசாமி: ...ரிமோட் முனையிலேருந்து டிவிக்குப் போற வெளிச்சம் கண்ணுக்கே தெரியாதும்மா. கைப்பேசி கேமராவுல பார்த்தாத்தான் மின்னுறது தெரியும்.

சரோஜா: கம்பிக் கேட்டைத் தாண்டுமா?

கோவிந்தசாமி: சுவத்துல பட்டுக்கூடத் திரும்பும். அவ்வளவு சக்தி!

சரோஜா: இதை நீங்க எத்தனை மணிக்கு அமுக்குவீங்க?

கோவிந்தசாமி: சாப்பிட்டுட்டு... காத்து வர்ற நேரமா...

சரோஜா: அண்ணே. 80 வெள்ளி.

கோவிந்தசாமி: பாதி தர்றேன்.

சரோஜா: ஆவி விரட்ட எலுமிச்சம்பழம், கற்பூரம், சாம்பிராணி?

கோவிந்தசாமி: பழத்தை இப்படிக் குடு. பேட்டரி கசிஞ்சு கம்பியில வெள்ளையா பூத்திருக்கு. ரெண்டு சொட்டு சாறு விட்டுத் துடைச்சா போயிடும்.

(சரோஜா பழத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டு போகிறார். ரிமோட்டை ஒரு முறை பார்க்கிறார். குரல் இறங்குகிறது.)

சரோஜா: பக்கத்து வீட்டுக்காரரு சனிக்கிழமையானா கரவோக்கே போட்டு உயிரை வாங்குறாரே, அதுக்கும் இதுல கோட் நம்பர் இருக்குமா?

கோவிந்தசாமி: என்ன பிராண்டு?

சரோஜா: யாருக்குத் தெரியும்?

கோவிந்தசாமி: அப்ப 9-9-1தான். காரிடார் பக்கத்து ஜன்னல் திறந்திருக்குமா?

சரோஜா: பாடுறப்ப மட்டும் விரியத் திறந்து வைப்பாரு. ஊருக்குக் கேக்கணும்ல!

கோவிந்தசாமி: பழத்தைக் குடும்மா. சனிக்கிழமைக்குள்ள ரெடி பண்ணணும்.