நான்காம் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள்

அரசின் செலவுகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கை வெளியானால் முகநூலில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இருப்பதிலேயே பெரிய எண்ணைப் பிடுங்கி ஒருவர் கார்டு போடுவார். அமைச்சகம் மறுக்கும். அந்த மறுப்பை வைத்து எதிர்த்தரப்பு இன்னொரு கார்டு போடும். நான்காம் நாள் எல்லாரும் வேறு பஞ்சாயத்துக்குப் போயிருப்பார்கள். அதற்குப் பிறகு அந்த அறிக்கை எங்கே போகிறது, எந்த மேசையில் அது அமுங்கிப்போகிறது என்பதுதான் இந்தப் பதிவு. நீளமானது, பொறுத்துக்கொள்ளவும்.

2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட பாரத்மாலா நெடுஞ்சாலைத் திட்டத்தின் தணிக்கை அறிக்கையையே எடுத்துக்கொள்வோம். துவாரகா விரைவுச்சாலை விவகாரம் நினைவிருக்கும். அமைச்சரவைக் குழு ஒப்புக்கொண்டது கிலோமீட்டருக்கு 18.20 கோடி ரூபாய், அனுமதிக்கப்பட்டது 250.77 கோடி. கார்டு போட இது போதும். ஆனால் 18.20 கோடி என்பது திட்டம் முழுவதற்குமான சராசரி, மேம்பாலமும் சுரங்கமும் உள்ள எட்டுவழிச் சாலையை அதோடு எப்படி ஒப்பிடலாம் என்று அமைச்சகம் கேட்டது. நியாயமான கேள்விதான். அந்த ஒப்பீட்டை மட்டும் வைத்து யாரையும் கூண்டில் ஏற்ற முடியாது.

விஷயம் அதற்கடுத்த வரிகளில் இருந்தது. ஹரியானா பகுதியில் 90 மீட்டர் அகலத்துக்கு நிலம் ஏற்கெனவே கையில் இருந்தது. 14 வழிச் சாலையைத் தரையிலேயே போட அது போதும். பிறகு ஏன் எட்டு வழியை மேலே தூக்கினார்கள்? காரணம் கோப்பில் பதிவாகவில்லை என்கிறது தணிக்கை. இதற்கு டிவி விவாதத்தில் பதில் கிடைக்காது. கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு, துறையின் தலைமை அதிகாரியான செயலரை எதிரே உட்காரவைத்துக் கேட்க வேண்டிய கேள்வி இது. அதற்காக இருப்பதுதான் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு.

மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர். அமைச்சராக இருப்பவர் உறுப்பினராக முடியாது. 1967-லிருந்து தலைவர் பதவி எதிர்க்கட்சிக்கு என்பது மரபு. குழு முன் சாட்சியாக அமைச்சர் வருவதில்லை, செயலர்தான் வருவார். பலருக்கு இது குறையாகத் தெரிகிறது. எனக்கென்னவோ குழுவின் பலமே அதில்தான் இருக்கிறது. துறையின் கணக்குக்கு விதிப்படி பொறுப்பு செயலர்தான். கொள்கை சரியா தப்பா என்று அவரிடம் வாதாட வேண்டியதில்லை. "இந்த மாற்றத்துக்கு ஒப்புதல் எந்தத் தேதியில், யார் எழுதிய குறிப்பின் மேல் கொடுக்கப்பட்டது?" என்று கேட்டால் போதும். கேமராவும் கிடையாது, அதனால் ஆளுங்கட்சி எம்.பி.க்களும் உள்ளே கொஞ்சம் வாயைத் திறப்பார்கள். ஆனால் வெளிச்சம் அதிகமானால் கொறடா கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார். 2011-ல் 2ஜி விவகாரத்தில் அப்போதைய குழுத் தலைவர் முரளி மனோகர் ஜோஷியின் வரைவறிக்கை மேல் குழு கட்சிவாரியாக இரண்டாகப் பிளந்தது. கடைசியில் சபாநாயகர் அறிக்கையைத் திருப்பி அனுப்பினார்.

சரி, எங்கே கசிகிறது? முதல் கசிவு அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. தணிக்கை அறிக்கை குடியரசுத் தலைவரிடமோ ஆளுநரிடமோ போய், அவர் அதை அவை முன் வைக்கச் செய்ய வேண்டும் என்கிறது 151-வது பிரிவு. எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. அதனால்தான் அறிக்கைகள் அடிக்கடி கூட்டத்தொடரின் கடைசி நாளில் வந்து விழுகின்றன. டெல்லியில் 14 அறிக்கைகள் சட்டப்பேரவைக்குப் போகாமலே கிடந்தன. விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. தாமதம் தவறு என்று 2025 ஜனவரியில் நீதிமன்றம் சொன்னது, ஆனால் சிறப்புக் கூட்டம் கூட்டச் சொல்லி உத்தரவிட மறுத்துவிட்டது. தேர்தலில் ஆட்சி மாறி, பிப்ரவரி 25-ம் தேதி புதிய அரசு மதுக்கொள்கை பற்றிய அறிக்கையை வைத்தது. எந்த அறிக்கை எப்போது வெளியே வர வேண்டும் என்பதை, அந்த அறிக்கை யாரைக் குறை சொல்கிறதோ அவரே முடிவு செய்கிறார் என்றால் பிறகு என்ன தணிக்கை?

அடுத்தது காலம். தணிக்கைப் பத்தியின் (அறிக்கையில் குறை சொல்லும் ஒவ்வொரு பகுதிக்கும் அதுதான் பெயர்) வரைவு துறைக்குப் போனால் ஆறு வாரத்தில் பதில் வர வேண்டும். "பதில் வரவில்லை" என்ற வரி அச்சாகும் பத்திகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். அறிக்கை அவையில் வைக்கப்பட்டபின், குழு விசாரணைக்கு எடுக்காத பத்திகளுக்கும் நான்கு மாதத்துக்குள், என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று சொல்லும், தணிக்கைத் துறை சரிபார்த்த குறிப்பைத் துறை தந்தாக வேண்டும். வெளியே பலருக்குத் தெரியாத விதி இது. குழு எல்லாப் பத்திகளையும் எடுக்காது, எடுக்கவும் முடியாது. அதன் ஆயுளே ஒரு வருடம். அடுத்த வருடம் பாதி முகங்கள் மாறியிருக்கும். எதிரே உட்காரும் செயலரும் முடிவெடுத்த காலத்தில் அந்தத் துறையில் இருந்தவராக இருப்பது அபூர்வம். அவருக்குக் கைகொடுக்கும் வாசகம் ஒன்று உண்டு: "விவரத்தை எழுத்துபூர்வமாகத் தந்துவிடுகிறோம்." அனுபவமுள்ள தலைவர் அந்த இடத்திலேயே தேதி கேட்டு கூட்டக் குறிப்பில் ஏற்றிவிடுவார். மற்றவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்கள்.

குழு அறிக்கை கொடுத்ததும் பதில் சொல்ல அரசுக்கு ஆறு மாதம். அரசு சொன்ன பதில்களைப் பார்த்துக் குழு இன்னொரு அறிக்கை போடும், அதைத்தான் நான் முக்கியம் என்கிறேன். முதல் அத்தியாயம் குழுவின் கருத்து. இரண்டாவது, அரசு ஏற்றுக்கொண்டவை. மூன்றாவது, அரசின் பதிலைப் பார்த்துக் குழு தானே விட்டுவிட்டவை. நான்காவது, அரசின் பதிலைக் குழு ஏற்க மறுத்து மீண்டும் வலியுறுத்தியவை. ஐந்தாவது, இடைக்காலப் பதிலோடு நிற்பவை. இரண்டாம் அத்தியாயம் தடிமனாக இருந்தால் ஏமாற வேண்டாம், "கவனத்தில் கொள்ளப்பட்டது", "சுற்றறிக்கை அனுப்பப்பட்டது" என்பதெல்லாம் அங்கேதான் சேரும். உண்மையான சண்டை நான்காவதில். ஆனால் அதற்கப்புறம் படியே இல்லை. பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது, அவையும் பொதுவாக அதை விவாதத்துக்கு எடுப்பதில்லை.

பரிந்துரைகளைக் கட்டாயமாக்க வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. செலவை முடிவு செய்யும் அதிகாரத்தில் குழு பங்கு வாங்கிக்கொண்டால் நாளைக்கு அதே செலவை அது எப்படி விசாரிக்கும்? அமைச்சகங்களின் வேலையைப் பரிசீலிக்கும் துறைசார் நிலைக்குழுக்களின் பரிந்துரைகளுக்கு ஓர் ஏற்பாடு 2004-லிருந்தே உண்டு: அவற்றின் நிலை என்ன என்று அமைச்சர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவையில் அறிக்கை தர வேண்டும். அதைப் பொதுக் கணக்குக் குழுவின் நான்காம் அத்தியாயத்துக்கும் நீட்டினால் போதும். அறிக்கையை மேசையில் வைத்துவிட்டு நழுவாமல் அமைச்சர் நின்று பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

நிலைக்குழுக்கள் என்றதும் ஒன்று. 24 குழுக்கள், ஒவ்வொன்றிலும் 31 பேர். பட்ஜெட் கூட்டத்தொடரின் இடைவேளையில் சில வாரங்களுக்குள் மானியக் கோரிக்கைகளை, அதாவது ஒவ்வோர் அமைச்சகமும் அவையிடம் கேட்கும் செலவுத் தொகைகளை, பார்த்து முடிக்க வேண்டும். அவர்கள் எழுதியதை அவை படித்ததா என்பது வேறு கதை: 2018 மார்ச்சில் மக்களவை எல்லா மானியக் கோரிக்கைகளையும் விவாதமின்றி, கில்லட்டின் முறையில் நிறைவேற்றியது. 2024-ல் இன்னும் மோசம். ஜூலையில் முழு பட்ஜெட், செப்டம்பர் கடைசியில்தான் நிலைக்குழுக்களே அமைந்தன. பணம் ஒதுக்கி முடித்தபின் ஒதுக்கலாமா என்று பரிசீலித்தார்கள்.

மானியக் கோரிக்கையில் எங்கே கை வைப்பது என்று கேட்பவர்களுக்கு: பட்ஜெட் மதிப்பீடு, திருத்த மதிப்பீடு, உண்மைச் செலவு மூன்றையும் மூன்று வருடத்துக்குப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வருடாவருடம் பாதியில் வெட்டப்பட்டு, மறு வருடம் மீண்டும் ஊதிப் பெருக்கப்படும் தலைப்புகள் உடனே தெரியும். பிறகு கணக்குக் குறியீட்டின் கடைசி இரண்டு இலக்கத்தைப் பாருங்கள். 31 அல்லது 35 என்றால் அது வேறு அமைப்புக்கோ மாநிலத்துக்கோ போகும் மானியம். பணம் கை மாறிய அன்றே அரசுக் கணக்கில் அது செலவு. அங்கே வங்கியில் தூங்கினாலும் செலவுதான். நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் வர வேண்டிய பயன்பாட்டுச் சான்று வந்ததா என்பதுதான் கேள்வி. சிறு தலைப்பு 800 என்று இருந்தால் அது "இதர செலவுகள்". உரிய தலைப்பு இருக்கும்போதே இதில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள் என்று தணிக்கை பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பொதுக் கணக்குக் குழுவின் அறிக்கைகள் எல்லாம் மக்களவை இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று தலைப்பில் இருப்பதை இறக்கி, நேரே நான்காம் அத்தியாயத்துக்குப் போங்கள். உங்கள் தொகுதி எம்.பி. அந்தக் குழுவில் இருக்கிறாரா என்பது முதல் பக்கப் பட்டியலில் இருக்கும், கூட்டத்துக்கு வந்தாரா என்பது பின்னிணைப்பில் உள்ள கூட்டக் குறிப்பில் இருக்கும்.