எங்கள் அம்மா வைத்தது பட்ஜெட் விருந்து இல்லை

கிறிஸ்துமஸ் சாப்பாட்டைக் கேலி செய்கிற அந்த வீடியோவை இந்நேரம் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே எத்தனையோ பேர் அனுப்பிவிட்டார்கள், "இது உங்க வீடுதானே அக்கா?" என்று. ஆமாம், எங்கள் வீடுதான். கொடைக்கானலுக்குக் கீழே பெருமாள்மலையில் அம்மா வீடு. கரண்டியோடு குனிந்து பரிமாறிக்கொண்டிருப்பது என் அம்மா. எடுத்துப் போட்டது எனக்குத் தம்பி முறை ஆகிறவன். அவன் பெயரை நான் சொல்லப்போவதில்லை, நீங்களும் கீழே வந்து சொல்ல வேண்டாம். "மலை மேல பட்ஜெட் கிறிஸ்துமஸ், கறியத் தேடிக்கிட்டு இருக்கோம்" என்று எழுதியிருந்தானே, அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

அது பட்ஜெட் விருந்து இல்லை. எங்கள் வீட்டில் வருடத்திலேயே அதிகம் உழைத்துச் செய்கிற விருந்து அது.

அன்றைக்கு இருந்தது இதுதான்: தேங்காய்ப்பால் சோறு, பட்டர் பீன்ஸ் குருமா, மலைப்பூண்டுக் குழம்பு, சௌசௌ கூட்டு, பச்சைப் பட்டாணியும் உருளைக்கிழங்கும் போட்ட பிரட்டல், பீட்ரூட் பச்சடி, கேரட் அல்வா, மலைவாழைப்பழம். அப்புறம் ஒரு சட்டி நாட்டுக்கோழிக் குழம்பு. ஆமாம், கோழி இருந்தது. வீடியோவில் அது இல்லை. ஏன் இல்லை என்று எடுத்தவனைத்தான் கேட்க வேண்டும்.

பட்டர் பீன்ஸை நீங்கள் கடையில் உரித்து வைத்த பயறாகப் பார்த்திருப்பீர்கள். தோலோடு வாங்கி உரித்துப் பாருங்கள். ஒரு முறம் நிறையக் காய் உரித்தால் அடியில் ஒரு கிண்ணம் பயறு தேறும். முந்தின நாள் சாயங்காலம் அண்ணனும் என் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் ஸ்வெட்டரோடு திண்ணையில் உட்கார்ந்து உரித்தார்கள். குளிரில் விரல் விறைத்துப்போய் நகக்கண் வலிக்கும். அப்படி உரித்த பயறை ஊறவைக்க வேண்டியதில்லை, அடுப்பில் வைத்த கொஞ்ச நேரத்தில் வெந்துவிடும். வாயில் போட்டால் தோல் தனியாகத் தெரியாது, வெண்ணெய் மாதிரிக் கரையும். காய்ந்த பயறை இரவெல்லாம் ஊறப்போட்டு விசில் விட்டு எடுத்தாலும் அந்தப் பதம் வராது.

சௌசௌ இருக்கிறதே, அதைத்தான் அவன் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டி முகம் சுளித்திருந்தான். பச்சையாகத் தோல் சீவினால் பால் வரும். கையில் பட்டுக் காய்ந்தால் தோல் இறுகி உரிகிற மாதிரி ஆகிவிடும். நுனியை நறுக்கி, நறுக்கிய துண்டாலேயே தேய்த்து, வெள்ளையாக நுரை தள்ளியதும் கழுவிவிட்டு, கையை ஈரமாக்கிக்கொண்டுதான் அம்மா சீவுவார். பந்தலில் இருந்து அன்று காலை அறுத்த பிஞ்சு. அதற்குக் கடைசியில் தேங்காயும் சீரகமும் அரைத்துப் போட்டு இறக்கினால் போதும், வேறெந்த மசாலாவும் வேண்டாம்.

பட்டாணி மேல்மலைக் கிராமமான பூம்பாறையில் இருந்து வந்தது. அங்கே எங்கள் பெரியம்மா மகன் பயிர் வைத்திருக்கிறார். பட்டாணி விஷயத்தில் புதுசு என்பது வெறும் பேச்சு இல்லை. செடியை விட்டு வந்த நேரத்திலிருந்தே அதில் இருக்கிற சர்க்கரை மாவுச்சத்தாக மாறிக்கொண்டே போகும். இங்கிருந்து ஒட்டன்சத்திரம் மண்டிக்கு இறங்கி, அங்கே மூட்டை மாறி, லாரி ஏறி, கோயம்பேடு சேர்ந்து, உங்கள் தெருக்கடைக்கு வரும்போது அது பச்சையாக இருக்கும், இனிப்பாக இருக்காது. கேரட்டும் அப்படித்தான். மார்கழிக் குளிரைத் தாங்குவதற்காகச் செடி வேரில் சர்க்கரையைக் கூட்டிக்கொள்ளும். மேல்மலையில் உறைபனி விழுகிற நாட்களில் பிடுங்கின கேரட்டை மண்ணைத் தட்டிவிட்டுக் கடித்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது தெரியும். அல்வாவுக்கு வழக்கமாகப் போடுகிற சர்க்கரையை அம்மா இந்த மாதத்தில் குறைத்துத்தான் போடுவார்.

இதைக் காசு கொடுத்து வாங்கிவிட முடியாது. அதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஆட்டுக்கறி எந்த ஊரிலும் கிடைக்கும். பிரியாணி சென்னையில் தெருவுக்குத் தெரு கிடைக்கும். அன்று காலை அறுத்ததை அன்று மத்தியானமே சமைத்துப் போடுவது இங்கே வந்தால்தான் கிடைக்கும். வந்த விருந்தாளிக்கு எங்களிடம் இருப்பதில் உசத்தியானதை வைத்தோம். அதைப் பார்த்துக் கைச்செலவை மிச்சம் பிடித்துவிட்டார்கள் என்று எழுதுவதா?

"ஜாலிக்குப் போட்டான், இதைப் போய் இவ்வளவு பெரிசா எடுத்துக்கணுமா?" என்று ஒரு சித்தி போனில் கேட்டார். பெரிசாகத்தான் எடுத்துக்கொள்வேன். சிரித்தவர்கள் யாருக்கும் என் அம்மாவைத் தெரியாது. தெரியாதவர்கள் சிரிப்பதற்கு என் அம்மாவின் கை எதற்கு?

இன்னொருவர், படித்தவர், கருத்துள்ளவர் என்று நான் மதிக்கிற ஆள், "நாசூக்கா சைவத்தை உயர்த்திப் பேசுறீங்களோ?" என்று எழுதியிருக்கிறார். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். நாங்கள் ஆடு, கோழி, மாடு எல்லாம் சாப்பிடுகிற வீடு. ஈஸ்டருக்கு வந்து பாருங்கள். யார் தட்டையும் யாரும் எட்டிப்பார்த்து மட்டம் தட்டக்கூடாது என்று இந்தப் பக்கத்தில் பல வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறவள் நான். மாட்டுக்கறி சாப்பிடுகிறவனைப் பார்த்து முகம் சுளிப்பது தப்பென்றால், சௌசௌ சாப்பிடுகிறவளைப் பார்த்து முகம் சுளிப்பதும் தப்புதான். இதில் என்ன சைவம் வந்தது?

மலைக்காய்க்கும் மருந்து அடிக்கிறார்களே என்று கேட்கிறவர்கள் கேட்பது சரி. கேரட்டுக்கும் கோஸுக்கும் அடிக்கிறார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். அம்மா வீட்டுப் பின்னால் இருக்கிற பாத்திக்கு அடிப்பதில்லை, சாணியும் சாம்பலும்தான். காட்டுமாடு வேலியைத் தள்ளிக்கொண்டு வந்து பாதியைத் தின்றுவிட்டுப் போகும். மிஞ்சுவது எங்களுக்கு.

"எல்லாருக்கும் மலையில அம்மா வீடு இருக்குமா?" என்பது நியாயமான கேள்வியே இல்லை. உங்கள் ஊரில் என்ன விளைகிறதோ அதைச் சமையுங்கள். தஞ்சாவூரில் இருந்தால் வாழைத்தண்டும் பூவும் இருக்கிறது, தேனியில் இருந்தால் முருங்கையும் திராட்சையும் இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்திலேயே கீரை விளைகிறது. கிடைக்காதவர்களை நான் குறை சொல்லவே இல்லை. கிடைத்ததைச் சாப்பிட்டுவிட்டுக் கேலி செய்தவனைத்தான் சொல்கிறேன்.

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் மலை மேலேயும் ஏறி வந்தது, நிறையப் பேருக்கு மறந்திருக்கும். டெல்டாவைப் பற்றிப் பேசினார்கள், பேச வேண்டியதுதான், அங்கே இழப்பு அப்படி. இங்கேயும் மரங்கள் ரோட்டில் சாய்ந்து கிடந்தன, மண் சரிந்தது, கரண்ட் கம்பமெல்லாம் விழுந்து வீடுகள் இருட்டில் கிடந்தன. எங்கள் சௌசௌ பந்தல் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. வாழையில் ஒன்று நிற்கவில்லை. பேரிக்காய் மரம், அப்பா வைத்தது, வேரோடு சாய்ந்தது. அப்பா இறந்த பிறகு அம்மா அவ்வளவு அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அடுத்த மாதம் கிறிஸ்துமஸ் வந்தது. மண்ணுக்கு மேலே இருந்தது போயிருந்தது, மண்ணுக்குக் கீழே இருந்த உருளைக்கிழங்கும், அடுப்புக்கு மேலே பரணில் புகையில் கிடந்த பூண்டும் மிச்சம். ராத்திரி பூசை முடிந்து வந்து அம்மா அந்தப் பூண்டை உரித்துக் குழம்பு வைத்தார், கிழங்கை வேகவைத்து மிளகு தட்டிப் போட்டுப் பிரட்டினார். பக்கத்து வீடுகளில் கூரை போனவர்களெல்லாம் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். அதில் கிறிஸ்தவர்கள் பாதிப்பேர்கூட இல்லை. அன்றிலிருந்து பூண்டுக் குழம்பு இல்லாமல் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கிடையாது. கோழி இல்லாமல் இருந்திருக்கிறது, பூண்டுக் குழம்பு இல்லாமல் இருந்ததில்லை. இது அவனுக்குத் தெரியாதா? தெரியும். அந்த வருடம் அவன் அப்பாதான் கீழே இருந்து அரிசி மூட்டை கொண்டுவந்து கொடுத்தார். அந்த நல்ல மனுஷரின் மகன் இவன்.

அந்தப் பூண்டுக்கு, கொடைக்கானல் மலைப்பூண்டு என்ற பெயரில், 2019-இல் புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊருக்கே உரிய பொருள் என்கிற அரசு அங்கீகாரம், கிடைத்தது. அதே வருடம் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. பஞ்சாமிர்தத்தில் போடுவதும் இந்த மலையில் விளைகிற விருப்பாச்சி வாழைதான். முடிக்கொத்து என்கிற வாழை நோய் வந்து அழிந்து, தப்பிப் பிழைத்து, இன்றைக்கும் நம் கைக்கு வருகிற பழம் அது. பழனி மலையடிவாரத்தில் வரிசையில் நின்று பஞ்சாமிர்தத்தை டப்பா டப்பாவாக வாங்கிப் போகிறார்கள். அங்கே யாரும் அதைப் பட்ஜெட் என்று சொல்வதில்லை. அதே பழத்தை அம்மா இலையில் வைத்தால் மட்டும் ஏன் அது மலிவாகிவிடுகிறது?

எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளுங்கள். மலை என்றால் கீழே இருந்து வருகிறவர்களுக்குப் பனியும் ஏரியும் ஹோட்டலும்தான். இங்கே குடியிருக்கிறவர்கள் கண்ணுக்கே தெரிவதில்லை. கிறிஸ்துமஸ் அன்று கொடைக்கானலில் இருந்து என் அக்கா குடும்பம் பெருமாள்மலைக்கு நேரத்துக்கு இறங்கி வர முடியவில்லை. வழியில் வெள்ளி நீர்வீழ்ச்சியில் சுற்றுலா வந்தவர்கள் வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மலைக்கு வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்கிற ஆன்லைன் அனுமதி 2024 மே மாதத்தில் இருந்து இருக்கிறது. பாஸ் வாங்கிக்கொண்டு வருகிறார்கள், அவ்வளவுதான். அக்கா பிள்ளைகள் வந்து சேரும்போது சோறு ஆறிப்போயிருந்தது. எங்கள் பண்டிகைக்கு எங்கள் ரோட்டில் எங்களுக்கு இடமில்லை. விலை விழுகிற மாதங்களில் பறிகூலிக்கே கட்டாது என்று சௌசௌவைக் கொடியிலேயே முற்ற விடுகிறார்கள் இங்கே. அதையெல்லாம் யாரும் வீடியோ எடுத்துப் போடுவதில்லை.

எங்கேயோ போய்விட்டேன். சரி.

அவனும் அவன் நண்பர்களும் இரண்டு காரில் வந்திருந்தார்கள். நன்றாகச் சாப்பிட்டார்கள், நான் பக்கத்தில்தான் இருந்தேன். குருமாவை மறுபடி மறுபடி கேட்டு வாங்கினார்கள். பூண்டுக் குழம்புச் சட்டியை ஒருத்தன் வழித்துச் சோற்றில் பிசைந்தான். கிளம்பும்போது அம்மா இரண்டு காருக்கும் ஆளுக்கொரு பை கொடுத்தார். கேரட், பட்டர் பீன்ஸ், ஒரு சீப்பு வாழை, பூண்டு. "உங்கம்மாட்ட குடுப்பா, அவளுக்குப் பிடிக்கும்" என்றார். பையை வாங்கி டிக்கியில் வைத்தார்கள். வத்தலக்குண்டு தாண்டுவதற்குள் வீடியோ வந்துவிட்டது.

அம்மாவிடம் காட்ட வேண்டாம் என்றுதான் நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை காட்டிவிட்டது. அம்மா முழுதாகப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி பாத்திரம் கழுவும்போது மட்டும் கேட்டார்: "ஆட்டுக்கறி எடுத்திருக்கலாமோடீ? அவங்க பசங்க, அத எதிர்பார்த்திருப்பாங்க இல்ல?"

இத்தனை வருடம் சமைத்துப் போட்ட ஒருத்தி, இவ்வளவு உசத்தியாகச் சமைத்துவிட்டு, ஏதோ குறை வைத்துவிட்ட மாதிரிக் கேட்கிறார். எனக்குக் கோபமே இதனால்தான்.

"பொம்பளைய அடுப்படியில நிறுத்திப் பெருமை பேசுறீங்க" என்று எழுதப்போகிறவர்களுக்கு: உரித்தது ஆண்கள், தேங்காய் துருவியது அண்ணன், பாத்திரம் தேய்த்தது நானும் என் வீட்டுக்காரரும். சமைத்தது அம்மா, அவருக்கு அது பிடிக்கும் என்பதால். போதுமா?

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். வீடியோவை எடு, எடுக்காமல் இரு, அது உன் இஷ்டம். எனக்கு மெசேஜ் அனுப்ப வேண்டாம். பெரியம்மாவுக்கு நேராக போன் போடு. மத்தியானத்தில் போடு, சாயங்காலம் அவர் ஜெபத்துக்குப் போய்விடுவார். சாப்பாடு எப்படி இருந்தது என்று உன் வாயால் அவரிடம் சொல்.