ஆளைப் பார்த்துச் சொன்ன விலை

ரஷ்யாவின் எரிவாயு அரசியல் என்றாலே குழாயை மூடிய கதைதான் முதலில் பேசப்படுகிறது. 2009 ஜனவரியில் உக்ரைன் வழியாகச் செல்லும் எரிவாயு ஏறத்தாழ இரண்டு வாரம் நின்றுபோனதில் பல்கேரியாவும் ஸ்லோவாக்கியாவும் குளிரில் தவித்தன. ஆனாலும் ரஷ்ய அரசின் எரிவாயு நிறுவனமான காஸ்புரோமின் கையில் இருந்த கூரிய கருவி அது வழங்கிய தள்ளுபடியே என்பது என் எண்ணம். குழாயை மூடினால் ஊரே கேள்வி கேட்கும். ஆளைப் பார்த்து விலை சொன்னால் வியாபாரக் கணக்கில் போய்விடும்.

2010 ஏப்ரலில் கார்கிவ் நகரில் உக்ரைன் அதிபர் யானுகோவிச்சும் ரஷ்ய அதிபர் மெத்வதேவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, ஆயிரம் கன மீட்டருக்கு 100 டாலர் வரை விலை குறைந்தது. அதற்கு ஈடாக, உக்ரைனின் கிரிமியாவிலுள்ள செவஸ்தோபோல் துறைமுகத்தில் ரஷ்யக் கருங்கடல் கடற்படைக்கு 2017-இல் முடியவேண்டியிருந்த குத்தகை 2042 வரை நீண்டது. அதற்கு ஒப்புதல் அளித்த நாளில் கீவ் நாடாளுமன்றத்தில் முட்டைகள் பறந்தன, அவையெங்கும் புகை சூழ்ந்தது. அவைத்தலைவர் லித்வின், தலைக்கு மேல் பிடித்த குடைகளின் கீழ் உட்கார்ந்தபடியே அவையை நடத்தினார்.

ஐரோப்பிய ஒன்றியத்துடனான உடன்பாட்டிலிருந்து யானுகோவிச் பின்வாங்கியதும், 2013 டிசம்பரில், ஏறக்குறைய 400 டாலராக இருந்த விலை 268.5 டாலருக்கு இறங்கியது. பிப்ரவரியில் அவர் நாட்டைவிட்டு ஓடினார். ஏப்ரலில் விலை 485 டாலர். வாயுவும் குழாயும் மாறவில்லை. கிரிமியாவை எடுத்துக்கொண்ட மாஸ்கோ, துறைமுகமே எங்களுடையதாகிவிட்டதால் குத்தகைக்கான தள்ளுபடி செல்லாது என்றதோடு, முன்கூட்டியே கொடுத்த சலுகைக்கு 1,100 கோடி டாலர் பாக்கி என்றும் சொன்னது. வீட்டையும் பிடுங்கிக்கொண்டு, கொடுத்த வாடகை முன்பணத்தையும் திருப்பிக் கேட்பவரை நம் ஊரில் என்ன சொல்லித் திட்டுவார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

உக்ரைன் தரப்பு சுத்தம் என்று நான் வாதிடவில்லை. வாங்கிய எரிவாயுவுக்கு அது கட்டாத பாக்கி உண்மையாகவே இருந்தது. நடுவில் புகுந்த தரகு நிறுவனங்களால் இரு நாட்டிலும் சிலர் கொழுத்தார்கள். ஆனால் வணிகக் காரணம் மட்டுமே இருந்திருந்தால், லித்துவேனியா வேறு நாட்டு எரிவாயுவைக் கடல்வழியே இறக்க உதவும் மிதக்கும் முனையக் கப்பல் ஒன்றைத் தருவிக்கிறது என்று உறுதியான பின், அந்தக் கப்பல் கிளைப்பேடா துறைமுகத்தை எட்டுவதற்கு மாதங்கள் முன்பே, 2014 மே மாதத்தில் காஸ்புரோம் விலையைக் குறைத்திருக்குமா? வேறு கடை இல்லாதவரை ஒரு விலை, கடை திறக்கப்போகிறது என்றதும் இன்னொரு விலை.

இந்தத் தள்ளுபடி அரசியலின் கடைசிக் கட்டத்தை டிரான்ஸ்னிஸ்ட்ரியாவில் பார்க்கலாம். மால்டோவாவிலிருந்து பிரிந்து மாஸ்கோவையே நம்பி நின்ற அந்தச் சிறு பகுதி, பல ஆண்டுகளாகக் காஸ்புரோமுக்குப் பணம் கட்டாமலே எரிவாயுவைப் பயன்படுத்தியது. 2025 ஜனவரி 1 அன்று உக்ரைன் வழிப் போக்குவரத்து முடிந்தபோது, துருக்கி வழியாக அனுப்பும் பாதை இருந்தும், மால்டோவாவின் பழைய பாக்கியைக் காட்டிக் காஸ்புரோம் அனுப்ப மறுத்தது. வீடுகளில் வெப்பமும் வெந்நீரும் நின்றன. குடும்பத்தோடு ஒரே அறையில் இருங்கள், சன்னல்களில் போர்வையைத் தொங்கவிடுங்கள் என்று உள்ளூர் வெப்ப விநியோக நிறுவனம் மக்களுக்கு அறிவுரை சொன்னது.