நஞ்சம் என வந்தவள்

தம்பி மகள் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தாள். பொறியியல் இரண்டாம் ஆண்டு. செருப்பைக் கழற்றும்போதே, "பெரியப்பா, கம்பராமாயணம் முடிச்சிட்டேன்" என்றாள். கல்லூரிப் பேருந்தில் போக வரப் படித்ததாம். பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். முந்நூற்றுச் சொச்சம் பக்கத்தில் எளிய உரைநடை. பத்தாயிரத்துக்கும் மேல் பாட்டு உள்ள நூல். புரட்டிப் பார்த்தேன், ஒரு பாட்டுகூட இல்லை.

சந்தோஷம்தான். அவள் வயதில் நான் அதையும் படித்ததில்லை. இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா? "சூர்ப்பணகை ராமன் முன்னால எப்படி வந்தா?" என்று கேட்டேன்.

"அழகான பொண்ணா உருவம் மாத்திக்கிட்டு வந்தா."

கதைப்படி முழு மதிப்பெண் போடலாம். அலமாரியிலிருந்து ஆரணிய காண்டத்தை எடுத்து, சூர்ப்பணகைப் படலத்தில் அந்தப் பாட்டைச் சத்தமாக வாசித்தேன். "பஞ்சிஒளிர் விஞ்சுகுளிர் பல்லவம் அனுங்க" என்று தொடங்கும். முடிவது இப்படி:

அஞ்சொல் இளமஞ்ஞை என அன்னம் என மின்னும்
வஞ்சி என நஞ்சம் என வஞ்சமகள் வந்தாள்

இரண்டாம் தடவை வாசிக்கும்போது அவள் கால் தரையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. பஞ்சி, விஞ்சு, வஞ்சி, நஞ்சம், வஞ்சம். அந்த 'ஞ்ச'தான் சலங்கை. சூர்ப்பணகை நடந்து வரும் ஒய்யாரத்தை நம் நாக்கே நடந்து காட்டுகிறது. "இருங்க, நடுவுல நஞ்சுன்னு வருதே?" என்றாள். வருகிறதுதான். மயில், அன்னம், கொடி என்று அடுக்கிக்கொண்டே வந்த கம்பர், அதே 'என'வைப் போட்டு, அதே ஓசையில் விஷத்தையும் வரிசையில் வைத்துவிட்டார். தாளத்தில் சொக்கியிருந்தால் கவனிக்காமல் தாண்டிவிடுவோம். ராமனிடம் அவள் செய்யப்போகும் ஏமாற்றைப் பாட்டு முதலில் நம்மிடம் செய்து பார்க்கிறது. "வஞ்சகியான சூர்ப்பணகை அழகிய பெண்ணாக வந்தாள்" என்று எழுதினால் முதல் சொல்லிலேயே குட்டு உடைந்துவிடும்.

இதற்காக உரைநடையைத் திட்டக் கிளம்பவில்லை. எனக்கு அந்த யோக்கியதையும் இல்லை. குறுந்தொகையின் மூன்றாம் பாட்டு பலருக்கும் தெரிந்ததுதான்:

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே

கல்லூரியில் படிக்கும்போது உரையைப் பார்க்காமல், "வானத்தைவிட உயரமில்லையாம்" என்று விடுதி அறையில் நண்பர்களுக்கு விளக்கம் சொன்னவன் நான். 'உயர்ந்தன்று' என்றால் உயர்ந்தது. கடைசியில் இருக்கும் 'அன்று' என் காதில் 'இல்லை' என்று விழுந்துவிட்டது. தமிழ் படித்த ஒருத்தன் திருத்தியபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சரி, பொருள் தெரிந்துவிட்டது. "மலைநாட்டுத் தலைவனோடு நான் கொண்ட நட்பு நிலத்தைவிடப் பெரியது, வானத்தைவிட உயர்ந்தது, கடலைவிட ஆழமானது" என்று எழுதிவிடலாம். பிழை ஒன்றுமில்லை. ஆனால் இதைப் பாடிய தேவகுலத்தார் 'நட்பே' என்பதைக் கடைசிச் சொல்லாக வைத்திருக்கிறார். எது பெரிது, எது உயர்ந்தது என்று தெரியாமலேயே நிலம், வானம், கடல் எல்லாம் சுற்றி, சாரலில் இறங்கி, கறுத்த கொம்புள்ள குறிஞ்சியின் பூவிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தேன் சேர்வதைப் பார்த்த பிறகுதான் நட்புக்கு வந்து சேர்கிறோம். உரைநடையில் அவசரமாக நட்பை முதலில் போட்டுவிடுகிறோம். அந்தத் தேனையும் பூவையும் 'மலைநாட்டுத் தலைவன்' என்ற இரண்டு சொல் விழுங்கிவிடுகிறது.

ஆறுமுக நாவலர் 1852-இல் பெரியபுராணத்தை வசனமாக அச்சிட்டார். உ.வே.சா. மணிமேகலைக்கு உரைநடையில் கதைச் சுருக்கம் எழுதினார். பாட்டின் அருமை அவர்களுக்குத் தெரியாதா? பழைய உரைகாரர்களும் சொற்களை இடம் மாற்றியவர்கள்தான். நச்சினார்க்கினியர் எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கொண்டுபோய்க் கூட்டிப் பொருள் சொல்வார், அதற்காகத் திட்டும் வாங்குவார். ஆனால் பாட்டு மேலே இருக்கும், அவர் கீழே இருப்பார். அவர் சொல்வது ஒப்பவில்லை என்றால் கண்ணை நாலு வரி மேலே ஏற்றி அவரோடு மல்லுக்கு நிற்கலாம். அவள் கொண்டுவந்த புத்தகத்தில் யாரோடு மல்லுக்கு நிற்பது? பக்கம் கூடும், விலை கூடும் என்பார்கள். பத்தாயிரத்தையும் யார் கேட்டது? நாற்பது பாட்டு போட்டால்கூடப் போதும்.

(சங்கப் பாட்டை வரிக்கு இரண்டு சொல்லாக உடைத்துப் புதுக்கவிதை என்று பதிவிடுகிறவர்கள் தனிப் பஞ்சாயத்து. இன்றைக்கு வேண்டாம்.)

நேற்று இரவு வாட்ஸ்அப்பில் அவளிடமிருந்து ஒரு குரல் பதிவு. சூர்ப்பணகைப் பாட்டின் நாலு வரியும் மனப்பாடம். இரண்டாம் வரியின் 'செஞ்செவிய'வில் தடுக்கி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, 'வந்தாள்' வரை ஒரே மூச்சு. பின்னாலேயே ஒரு கேள்வி: "அனுங்கன்னா என்ன பெரியப்பா?"

வருந்த என்று பொருள் படித்த மாதிரி ஞாபகம். 'உயர்ந்தன்று' நினைவுக்கு வந்தது. எழுந்துபோய் உரையைப் பார்த்துவிட்டுத்தான் பதில் போட்டேன்.